வேலூர் உப்புத் தண்ணீரோடு குடித்தனம்

தோட்டப்பாளையத்தில் எனக்கு ஒன்பது அறைகள் உண்டு. லாட்ஜ் என்று சொல்லிக்கொள்ளும் அளவுக்குப் பெரிதில்லை. கீழே நாங்கள் குடியிருக்கிறோம், மேலே இரண்டு மாடியில் சி.எம்.சி. ஆஸ்பத்திரிக்கு வைத்தியத்துக்கு வருகிறவர்கள் தங்குகிறார்கள். பாதிப் பேர் கொல்கத்தா பக்கம், மீதி ஜார்க்கண்ட், அசாம், ஆந்திரா. அறைக்கு ஒரு கீசர், ஒரு கெட்டில், ஓர் இண்டக்‌ஷன் அடுப்பு. எல்லாவற்றுக்கும் ஒரே போர், அதாவது ஆழ்துளைக் கிணறு. இருபத்திரண்டு வருடமாக அந்தத் தண்ணீரோடு மல்லுக்கட்டியதில் கெட்டது எத்தனை, தேறியது எத்தனை என்று கணக்குப் பார்த்து இதை எழுதுகிறேன்.

கடை போட்ட புதிதில் ஒரு வங்காளி அம்மா கெட்டிலைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தார். உள்ளே வெள்ளைச் செதில் மிதந்தது. “தாதா (அண்ணா), பெயிண்ட்?” என்று கேட்டார். எனக்கு இந்தி அரைகுறை, அவருக்குத் தமிழ் சுத்தமாகத் தெரியாது. பெயிண்ட் இல்லை, தண்ணீர்தான் அப்படி என்று எப்படிச் சொல்வது? விரலில் அந்தச் செதிலை எடுத்து, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவது போலச் செய்து காட்டினேன். “ஓ, சூனா!” என்று சிரித்துவிட்டுப் போனார். அந்த அம்மா சொன்னது கிட்டத்தட்ட சரி. சுண்ணாம்புக் கல் எதனால் ஆனதோ, கெட்டிலில் படிவதும் பெரும்பாலும் அதேதான்: கால்சியம் கார்பனேட்.

“ஆறு உண்டு, தண்ணீர் இல்லை” என்று வேலூரைக் கேலி பேசுவார்கள். பாலாற்றில் வருடத்தில் பெரும்பகுதி மணல்தான். 2021 நவம்பரில் கரை புரண்டு ஓடியதைப் பார்க்க ஊரே பாலத்தில் நின்றது என்றால், மற்ற வருடங்களை நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆகவே எல்லோரும் போர் போட்டோம். கீழே இருப்பது கெட்டிப் பாறை. பாறை இடுக்குகளில் வருடக்கணக்கில் தேங்கிய தண்ணீர், கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கரைத்துக்கொண்டு மேலே வருகிறது. இதைத்தான் பாடப்புத்தகம் கடின நீர் என்கிறது, நாம் உப்புத் தண்ணீர் என்கிறோம். நாக்குக்கு உப்புக் கரிக்காமலேயே ஒரு தண்ணீர் கடினமாக இருக்கலாம் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.

முதலில் உங்கள் தண்ணீர் எவ்வளவு மோசம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பேனா மாதிரி ஒரு டி.டி.எஸ். மீட்டரை வைத்துக்கொண்டு வருகிறவர் சொல்லும் எண்ணை நம்பி எதையும் வாங்காதீர்கள். அந்த எண் கரைந்திருக்கும் எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்வது. அதில் சாப்பாட்டு உப்பும் அடக்கம். கீசரைக் கெடுப்பது கால்சியமும் மக்னீசியமும் மட்டும். அதை அளக்கக் கடினத்தன்மைப் பரிசோதனை தனியாக உண்டு. தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்துக்கு மாவட்டம்தோறும் ஆய்வுக்கூடம் இருக்கிறது. கட்டணம் கட்டி, சுத்தமான பாட்டிலில் தண்ணீர் கொடுத்தால் அறிக்கை தருவார்கள். பாட்டிலில் பிடிக்கும் முன் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட விடுங்கள். டேங்கில் கிடந்த தண்ணீரைக் கொடுத்தால் டேங்கின் கதைதான் வரும்.

என் போரின் கடினத்தன்மை லிட்டருக்கு 640 மில்லிகிராம். இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 10500 குடிநீருக்கு 200 வரை நல்லது என்கிறது, வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பரவாயில்லை என்கிறது. நான் அதற்கும் மேலே. பதினைந்து லிட்டர் பக்கெட் ஒன்றில் ஒன்பதரை கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு டீஸ்பூன் சுண்ணாம்புத் தூளைக் கரைத்துக் குளிக்கிறோம் என்று கணக்கு.

ஆய்வுக்கூடம் போக நேரமில்லை என்றால் வீட்டிலேயே ஒரு வழி. ஒரே மாதிரி இரண்டு பாட்டில் எடுங்கள். ஒன்றில் போர் தண்ணீர், இன்னொன்றில் ஆர்.ஓ. அல்லது மழைத் தண்ணீர், இரண்டும் பாதியளவு. பழைய பார் சோப்பைச் சீவி, இரண்டிலும் ஒரே அளவு போட்டுக் குலுக்குங்கள். நல்ல தண்ணீர் நுரை கட்டி நிற்கும். கடின நீரில் நுரை எழும்பாது, திரிந்த பால் மாதிரி கலங்கி மேலே திப்பி மிதக்கும். பாத்திரம் துலக்கும் லிக்விடில் இதைச் செய்யாதீர்கள், அது இந்தத் தண்ணீரிலும் ஓரளவு நுரைக்கும்.

எந்த வேலைக்கு எந்தத் தண்ணீர்

உப்புத் தண்ணீரை முழுக்க விரட்ட முடியாது, விரட்டவும் வேண்டாம். கக்கூஸ், தரை, வாசல் தெளிப்பது எல்லாம் போர் தண்ணீரில் தாராளமாக நடக்கும். சூடு படும் இடத்தில்தான் அது வில்லன். தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், சூடேறியதும் பிரிந்து கார்பனேட்டாகப் படிகிறது. ஆகவே கெட்டில், குக்கர், கீசர், இட்லிப் பானை இந்த நான்கையும் கவனித்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி.

குடிக்க, சமைக்க எங்கள் வீட்டில் காவிரித் தண்ணீர். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாயில் வருவது. 2019-ல் ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் போனதும் இந்தக் காவிரிதான். எங்களுக்கே அது தினமும் வருவதில்லை, அப்போது வயிறு எரிந்தது வேறு விஷயம். வரும் நாளில் பிடித்து, அதற்கென்று தனியாக வைத்திருக்கும் டிரம்மில் நிரப்பிக்கொள்கிறோம். போர் சம்ப்பில் கலக்க விடுவதில்லை. பலர் இரண்டையும் ஒரே தொட்டியில் விட்டுவிட்டுக் காவிரி வந்தும் பருப்பு வேகவில்லை என்கிறார்கள்.

பருப்பு பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் அறைகளில் அதிகம் வரும் புகார் அதுதான். துவரம் பருப்பின் செல் சுவர்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருளைக் கால்சியம் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. நீங்கள் பத்து விசில் விட்டாலும் பருப்பு மணி மணியாக உட்கார்ந்திருக்கும். ஊற வைக்கும் தண்ணீரும் நல்ல தண்ணீராக இருக்க வேண்டும். ஊறும்போதே கால்சியம் உள்ளே போய்விடுகிறது. நல்ல தண்ணீர் கையில் இல்லையென்றால் ஒரு சிட்டிகை ஆப்ப சோடா போடுங்கள். சிட்டிகை என்றால் இரண்டு விரல் நுனியில் நிற்பது. கூடினால் சோப்பு வாடை அடிக்கும், பருப்பிலிருக்கும் பி வைட்டமினும் குறையும். புளியும் தக்காளியும் பருப்பு மசிந்த பிறகுதான். புளிப்பு முன்னாடியே விழுந்தால் வேக்காடு இன்னும் தள்ளிப்போகும்.

சோறு மஞ்சளடிக்கிறதா? அதுவும் இந்தத் தண்ணீரின் வேலைதான். கொதிக்கும்போது தண்ணீரில் காரத்தன்மை ஏறுகிறது, அரிசி நிறம் மாறுகிறது. உலையில் அரை மூடி எலுமிச்சைச் சாற்றில் கால்வாசி பிழிந்தால் வெளுத்துவிடும். டீக்கு மட்டும் நான் எதையும் சேர்க்கச் சொல்ல மாட்டேன். போர் தண்ணீரில் போட்ட டீயின் மேலே எண்ணெய்ப் படலம் மாதிரி ஒன்று மிதக்கும், அதற்கு ஒரே பரிகாரம் காவிரித் தண்ணீர்.

இட்லிப் பானை, குக்கர் அடியில் சாறு பிழிந்த எலுமிச்சைத் தோலையோ, கொட்டைப்பாக்கு அளவு புளியையோ போட்டு வையுங்கள். என் அம்மா காலத்துப் பழக்கம். பானை உள்பக்கம் வெள்ளை பிடிக்காது, அலுமினியம் கறுக்கவும் செய்யாது.

கெட்டில்: ஞாயிற்றுக்கிழமை வேலை

மளிகைக் கடையில் எலுமிச்சை உப்பு என்று கேளுங்கள், சிட்ரிக் ஆசிட் தருவார்கள். சர்க்கரை மாதிரி வெள்ளையாக இருக்கும், டப்பாவில் பெயர் எழுதி ஒட்டிவிடுங்கள். எங்கள் வீட்டில் ஒருமுறை அது பாயசத்துக்குள் போகப் பார்த்தது.

ஒரு லிட்டர் கெட்டிலுக்கு இரண்டு டீஸ்பூன். வெள்ளை படிந்த உயரம் வரை தண்ணீர் ஊற்றி, கை பொறுக்கும் சூடு வந்ததும் அணைத்துவிடுங்கள். கொதிக்க விடுவது பலரும் செய்யும் தப்பு. கொதித்தால் கால்சியம் சிட்ரேட் என்று இன்னொரு வெள்ளை உருவாகி, அதுவே ஒட்டிக்கொள்ளும். பொடியைப் போட்டதும் காது கொடுத்துக் கேட்டால் சோடா பாட்டில் திறந்த மாதிரி ஒரு சிறு சீறல் கேட்கும். சுண்ணாம்பு கரைந்து காற்று வெளியேறும் சத்தம் அது. சத்தம் நின்றால் வேலை முடிந்தது, அரை மணிக்குள் ஆகிவிடும். கொட்டிவிட்டு, இரண்டு முறை அலசி, ஒருமுறை வெறும் தண்ணீர் கொதிக்க வைத்துக் கொட்டுங்கள். கத்தியால் சுரண்டாதீர்கள். கீறல் விழுந்த இடத்தில் அடுத்த வாரம் இன்னும் சீக்கிரம் படியும்.

வாரம் ஒருமுறை செய்தால் அரை மணி. ஆறு மாதம் விட்டுவிட்டால் கல்லாகிப் போகும், அப்புறம் மூன்று நாள் ஊற வைத்தும் போராட வேண்டியதுதான். கீசருக்கும் இதே கதை.

கீசர்

கீசர் சூடாகும்போது சோளம் பொரிகிற மாதிரி கடகட சத்தம் வந்தால், உள்ளே தண்ணீரைச் சுட வைக்கும் கம்பிச் சுருளான காயில் மேல் சுண்ணாம்பு தடித்துவிட்டது என்று அர்த்தம். அந்த ஓட்டுக்கு அடியில் மாட்டிய தண்ணீர் ஆவியாகி வெடித்து வரும் சத்தம் அது. தண்ணீர் சுடத் தாமதமாகும், கரண்ட் பில் ஏறும், கடைசியில் காயில் உள்ளேயே வெந்து போகும். முதல் மூன்று வருடத்தில் நான் பதினோரு காயில் மாற்றினேன். மெக்கானிக் என்னைப் பார்த்தாலே டீ வாங்கிக் கொடுப்பார்.

அதன் பிறகு இரண்டு காரியம் செய்தேன். ஒன்று, தெர்மோஸ்டாட்டை 55 டிகிரிக்கு இறக்கினேன். சூடு கூடக் கூடச் சுண்ணாம்பு அதிகமாகப் படியும். வேலூர் வெயிலுக்கு 75 டிகிரித் தண்ணீரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இரண்டு, வருடத்துக்கு ஒருமுறை, குளிர்காலம் தொடங்கும் முன் ஐப்பசியில், கீசரைத் திறந்து சுத்தம் செய்கிறோம்.

நீங்களே செய்வதானால் சுவிட்சை அணைப்பது போதாது, கரண்ட் போர்டில் இருக்கும் எம்.சி.பி. பிரேக்கரையே இறக்குங்கள். மின்சார வேலை பழக்கமில்லையென்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு, பக்கத்தில் நின்று செய்யச் சொல்லுங்கள். தண்ணீர் வரும் வால்வை மூடி, உள்ளே இருப்பதை வடித்து, அடி மூடியின் போல்ட்டுகளைக் கழற்றினால் காயில் வெளியே வரும். எங்கள் வீட்டில் முதல்முறை வந்தது காயில் மாதிரியே இல்லை, கருவாட்டுக்கு உப்புத் தடவிய மாதிரி இருந்தது. டேங்க் அடியிலிருந்து இரண்டு சொம்பு செதில் விழுந்தது. காயிலைச் சுத்தியலால் தட்டாதீர்கள். பிளாஸ்டிக் பக்கெட்டில் ஐந்து லிட்டர் தண்ணீருக்கு கால் கிலோ எலுமிச்சை உப்பு கரைத்து, வயர் மாட்டும் முனை நனையாமல், இரவு முழுக்கத் தொங்க விடுங்கள். டேங்க் உட்புறம் கண்ணாடிப் பூச்சு இருக்கும், அதைச் சுரண்டினால் துரு பிடித்து ஓட்டை விழும். வெறுமனே தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் போதும்.

காயிலுக்குப் பக்கத்தில் ஒரு கம்பி தொங்கும், ஆனோடு ராடு. மக்னீசியம். டேங்குக்குப் பதிலாகத் தான் அரிபட்டுக் கரைவதற்கென்றே வைத்தது. பென்சில் கனத்துக்கு மெலிந்திருந்தால் மாற்றிவிடுங்கள். அதன் விலை டேங்க் விலைக்கு முன் ஒன்றுமில்லை, ஆனால் சர்வீஸுக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் அதைத் தொடுவதே இல்லை. மூடும்போது கேஸ்கட் புதிதாகப் போடுங்கள். தண்ணீர் நிரம்பிக் குழாயில் வந்த பிறகுதான் கரண்ட்.

பாத்ரூமும் ஆசிடும்

குழாய், டைல்ஸ், கண்ணாடியில் வெள்ளைத் திட்டு வருவது தண்ணீர்த் துளி காய்வதால். துளியைக் காய விடாவிட்டால் திட்டும் வராது. குளித்து முடித்ததும் வைப்பரால் ஒரு இழு, குழாயை ஒரு துணியால் துடை, அவ்வளவுதான். ஷவரில் ஓட்டை அடைத்தால் பாலிதீன் கவரில் பாதித் தண்ணீர் பாதி வினிகர் ஊற்றி, ஷவர் தலை மூழ்கும்படி ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். ஒரு மணி நேரம் போதும். இரவு முழுக்க விட்டால் பளபளப்பு முலாம் போய்விடும். பிறகு பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தால் அடைப்பு உதிரும்.

கடையில் விற்கும் ஆசிட்டை நான் இப்போது அறைக்குள் விடுவதில்லை. மொசைக் தரையில் ஆசிட் பட்டால் சலவைக்கல் சில்லும் சிமென்ட்டும் சுண்ணாம்போடு சேர்ந்து கரையும், தரை சொரசொரப்பாகி அழுக்கு இன்னும் பிடிக்கும். ஐந்தாம் எண் அறையின் பாத்ரூம் தரை அப்படித்தான் போனது. அதைவிடப் பெரிய காரணம் வேறு. ஒருநாள் சுத்தம் செய்ய வரும் அக்கா, நான் முந்தின நாள் தூவிய பிளீச்சிங் பவுடர் மேலேயே ஆசிட்டை ஊற்றிவிட்டார். பிளீச்சிங் பவுடர் போட்டிருக்கிறேன் என்று நான் சொல்லவில்லை, தப்பு என்னுடையதுதான். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. அக்கா இருமிக்கொண்டே வெளியே ஓடி வந்து படிக்கட்டில் உட்கார்ந்தார், “தம்பி, நெஞ்செல்லாம் எரியுது” என்றார். ஆஸ்பத்திரி பக்கத்தில் இருந்ததால் பிழைத்தோம். பிளீச்சிங் பவுடரும் ஆசிட்டும் ஒரே அலமாரியில்கூட இருக்கக் கூடாது. வினிகர், எலுமிச்சை உப்புக்கும் இதே விதிதான்.

துணி, தலைமுடி

வெள்ளை வேட்டி சாம்பல் நிறமாவது அழுக்கால் இல்லை. சோப்பும் கால்சியமும் சேர்ந்து உண்டாகும் திப்பி நூலுக்குள் அடைகிறது. பக்கெட் தண்ணீரில் முதலில் ஒரு கரண்டி சலவை சோடாவைக் கரைத்துப் பத்து நிமிடம் விடுங்கள், கால்சியம் அடியில் படியும். தெளிந்த தண்ணீரை இறுத்து அதில் சோப்புப் போட்டால் பாதிச் சோப்பு மிச்சம். பட்டுக்கும் கம்பளிக்கும் சோடா ஆகாது.

தலைக்குச் சீயக்காய். சீயக்காயின் நுரை, சோப்பு மாதிரி கால்சியத்தோடு திரிவதில்லை. சோப்புப் போட்டுத்தான் தலை குளிப்பேன் என்கிறவர்களுக்குத்தான் முடி நார் மாதிரி ஆகிறது. கடைசி ஒரு மக்கு காவிரித் தண்ணீராக இருந்தால் போதும்.

இந்தத் தண்ணீர் குடித்தால் கிட்னியில் கல் வருமா என்று வாரம் ஒருவர் கேட்கிறார். கடினத்தன்மைக்கென்று உடல்நல வரம்பு எதையும் உலக சுகாதார நிறுவனம் வைக்கவில்லை. இந்த ஊர் வெயிலில் தண்ணீரே குடிக்காமல் அலைவதுதான் கல்லுக்கு நேர் வழி. மற்றதை டாக்டரிடம் கேளுங்கள், நான் அறை விடுகிறவன். ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி தோல் ஷாப் (தோல் பதனிடும் ஆலை) பக்கத்துப் போர்களின் கதை முற்றிலும் வேறு. ஆலைக் கழிவு நிலத்தடி நீரில் கலந்து, உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்த கதை அது. அங்கே பரிசோதிக்காமல் வாயில் வைக்காதீர்கள்.

விற்க வருகிறவர்கள்

கோட் போட்ட ஒருவர் வந்து இரண்டு கண்ணாடி டம்ளர் வைத்தார். ஒன்றில் எங்கள் போர் தண்ணீர், இன்னொன்றில் அவர் கொண்டுவந்த ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை இரண்டிலும் விட்டு சுவிட்சைப் போட்டார். எங்கள் டம்ளரில் பழுப்பும் பச்சையுமாகக் குழம்பு கிளம்பியது, பார்க்கவே குமட்டியது. அவருடையது தெளிவாகவே இருந்தது. “இதைத்தான் சார் கெஸ்டுக்குக் கொடுக்கிறீங்க” என்றார். அவமானத்தில் பதினான்காயிரம் கொடுத்து, குழாயைச் சுற்றி மாட்டும் காந்தம் ஒன்றை வாங்கினேன்.

ஆறு மாதம் கழித்துக் கீசரைத் திறந்தால் சுண்ணாம்பு பழையபடியே. அதே ஆள் பக்கத்து வீட்டுக்கு வந்தபோது பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த என் மகன் அங்கே போய், ஆர்.ஓ. டம்ளரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, “இப்போ விடுங்க அங்கிள்” என்றான். அதுவும் பழுப்பானது. குழம்பு வந்தது தண்ணீரிலிருந்து இல்லை, அந்த இரும்புக் கம்பி கரைந்து வந்த துரு. உப்பில்லாத தண்ணீரில் மின்சாரம் பாயாது, அதனால் தெளிவாக இருந்தது. என் பணம் திரும்பவில்லை, காந்தம் இப்போது மோட்டார் அறையில் ஸ்க்ரூ ஒட்டி வைக்கப் பயன்படுகிறது.

உண்மையில் வேலை செய்வது ரெசின் போட்ட சாஃப்ட்னர்தான், அதாவது கடின நீரை மென்னீராக்கும் தொட்டி. ரெசின் மணிகள் கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு சோடியத்தை விடும். என்னுடையதில் 25 லிட்டர் ரெசின், இரண்டாயிரம் லிட்டர் ஓடியதும் நான்கு கிலோ அயோடின் சேர்க்காத கல்லுப்பு கரைத்துக் கழுவ வேண்டும். வேலையாளிடம் விட்டால் மறந்துவிடுவார், சோப்பு பாட்டிலைக் குலுக்கிப் பார்ப்பதே காவல். டி.டி.எஸ். இதில் குறையாது, அதைப் பார்த்து ஏமாந்துவிட்டோம் என்று நினைக்காதீர்கள். சோடியம் கூடுவதால் குடிக்க, சமைக்க இது வேண்டாம். எங்களிடம் கிட்னி நோயாளிகள் தங்குவதால் சமையல் குழாயை இதில் இணைக்கவே இல்லை. கழுவிய உப்புத் தண்ணீரைத் தென்னை மரத்துக்கு விட்டுவிடாதீர்கள், நேராகச் சாக்கடைக்கு. ஆர்.ஓ. கழித்துவிடும் தண்ணீரும் செடிக்கு ஆகாது, கக்கூஸுக்கு ஊற்றலாம்.

இத்தனைக்கும் மேலாக, காசில்லாத நல்ல தண்ணீர் வானத்திலிருந்து வருகிறது. மழைநீர்ச் சேகரிப்பு 2003-லேயே கட்டாயமானது, பல வீட்டில் குழாய் மட்டும் சுவரில் நிற்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் மொட்டை மாடியைக் கூட்டிவிட்டு, முதல் கால் மணி மழையை வெளியே விட்டு, அப்புறம் வருவதைத் துணி வடிகட்டி டிரம்மில் பிடியுங்கள். துணி அலச, தலை குளிக்க, கெட்டிலுக்கு, பருப்பு ஊற வைக்க அருமையாக இருக்கும். குடிப்பதானால் நன்றாகக் கொதிக்க வைத்து. டிரம் வாயைக் கொசு வலை போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள். சும்மா மூடி வைத்தால் போதும் என்று போன வருடம் நான் விட்டதில், புழு இருக்கிறது என்று டெங்கு பார்க்க வந்தவர்கள் இருநூறு லிட்டரையும் கவிழ்த்துவிட்டுப் போனார்கள்.